உங்களுக்குத் தெரியுமா? சாகா வரம் தேடிப் போகிற வழியில்தான் ஐயப்பன்தாங்கல்!

ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்களா? கிழக்கே போரூர். அங்கே ராமநாதீஸ்வரர் கோயில், குரு தலம். தென்மேற்கே மாங்காடு. அங்கே வெள்ளீஸ்வரர் கோயில், சுக்கிரன் தலம். தேவர்களின் ஆசானுக்கும் அசுரர்களின் ஆசானுக்கும் நட்டநடுவில் நிற்கிறீர்கள்!

அதனால் என்ன என்கிறீர்களா? செத்தவரை எழுப்பும் மிருதசஞ்சீவினி மந்திரம் சுக்கிரனிடம்தான் இருந்தது. அதைக் கற்றுவர குரு யாரை அனுப்பினார்? சொந்த மகன் கசனை! போரூர் சாமியின் பிள்ளை மாங்காட்டுச் சாமியிடம் பாடம் கேட்கப் போகிறான். நடுவில் எந்த ஊர்? நம்ம ஊர்!

கசன் அங்கே எத்தனை முறை செத்தான் தெரியுமா? மூன்று முறை! அசுரர்கள் கொல்வார்கள். சுக்கிரனின் மகள் தேவயானி அழுவாள். சுக்கிரன் எழுப்புவார். மூன்றாம் முறை அசுரர்கள் அவனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து சுக்கிரனுக்கே குடிக்கக் கொடுத்துவிட்டார்கள். இனி அவனை எழுப்பினால் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வருவான். சுக்கிரன் என்ன செய்தார்? வயிற்றுக்குள் இருந்தவனுக்கே மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார்! அவன் வெளியே வந்தான். செத்துக் கிடந்த ஆசிரியரை அதே மந்திரத்தால் எழுப்பினான்!

கதையின் உச்சமே இனிமேல்தான். தேவயானி கசனை விரும்பினாள். உன் அப்பா வயிற்றிலிருந்து வந்தவன் உனக்கு அண்ணன் முறை என்று அவன் மறுத்தான். கோபத்தில் அவள் சபித்தாள்: கற்ற மந்திரம் உனக்குப் பலிக்காமல் போகட்டும்! கசன் கலங்கினானா? இல்லவே இல்லை. எனக்குப் பலிக்காவிட்டால் என்ன, நான் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறேனோ அவருக்குப் பலிக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்!

என்றென்றும் வாழ்ந்தால் வாழ்க்கைக்கு அர்த்தம் கூடுமா, குறையுமா? உலகமே இன்று மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி. நம்மவர்கள் இதற்குப் பதில் சொல்லி 2,000 வருஷம் ஆகிறது. நம்பவில்லையா? தொடர்ந்து படியுங்கள்!

தேவயானி பிறகு யாரைக் கல்யாணம் செய்தாள்? யயாதியை! அவன் தவறு செய்தபோது கிழவனாகப் போ என்று சபித்தவர் யார்? அதே சுக்கிரன்! உயிர் கொடுக்கும் மந்திரமும் அவரிடம், முதுமை கொடுக்கும் சாபமும் அவரிடம். யயாதி தன் ஐந்து மகன்களிடம் இளமையைக் கடன் கேட்டான். நான்கு பேர் கையை விரித்தார்கள். கடைக்குட்டி புரு கொடுத்தான். அந்த இளமையோடு யயாதி அனுபவித்தது எத்தனை ஆண்டு? ஆயிரம்! பிறகு தானே முன்வந்து திருப்பிக் கொடுத்தான். ஆயிரம் ஆண்டு போதவில்லை என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆயிரம் ஆண்டு பிடித்தது!

அசுவத்தாமன் எத்தனை ஆண்டு அலைய வேண்டும் தெரியுமா? கண்ணன் கொடுத்த சாபம் 3,000 ஆண்டு! புண்ணோடும் சீழோடும், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல். பாரதப் போரில் எத்தனையோ பேர் எத்தனையோ தப்பு செய்தார்கள். மிகக் கொடிய தப்புக்கு விதிக்கப்பட்ட தண்டனை சாவு கிடையாது. நீண்ட ஆயுள்!

ஒரே ஒரு சாவுகூட நடக்காத காலம் ஒன்று இருந்தது, தெரியுமா? திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்தார். எமன் விழுந்தான். அப்புறம்? உலகத்தில் யாருமே சாகவில்லை! பாரம் தாங்காமல் பூமாதேவி ஓடிவந்து அழுதாள். எமனுக்குத் திரும்ப உயிர் கொடுத்தாக வேண்டியதாயிற்று! அது நடந்த ஊர் திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பைஞ்ஞீலி. எமன் வேலையில்லாமல் இருந்து, மறுபடி வேலைக்குச் சேர்ந்த ஊர் நம்மிடம் இருக்கிறது!

அந்தத் திருக்கடையூரில்தான் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நாள் தவறாமல் நடக்கின்றன. சதாபிஷேகத்துக்கு 80 வயது என்று எப்படி வந்தது? ஆயிரம் பிறை! 29½ நாளைக்கு ஒரு முழுநிலவு. பெருக்கிப் பார்த்தோம். ஆயிரமாவது முழுநிலவு வருவது 80 வயது முடிந்து பத்தாவது மாதத்தில்!

உலகிலேயே அதிக நாள் வாழ்ந்ததாகப் பதிவானவர் பிரான்சின் ஜான் கல்மான். 1875-ல் பிறந்து 1997-ல் இறந்தார். 122 ஆண்டு, 164 நாள். அவர் காலத்தில் வந்துபோன முழுநிலவுகள் 1,500-க்கு மேல்!

பல்லாவரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? பக்கம்தான். 1880-களில் அங்கே அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது சுடுமண்ணால் செய்த ஈமப்பேழை கிடைத்தது. ஆதிச்சநல்லூரில் கிடைத்ததோ பெரிய பெரிய தாழிகள், எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். அவற்றை நம்ம பாட்டிகள் என்ன சொன்னார்கள்? முதுமக்கள் தாழி! அந்தக் காலத்தில் மனிதருக்குச் சாவே லேசில் வராதாம். வயதாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் குழந்தை அளவுக்கு ஆகிவிடுவார்களாம். மாடக்குழியில் விளக்கோடு விளக்காக உட்கார வைப்பார்களாம். கடைசியில் கொஞ்சம் சோறும் தண்ணீரும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம். ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் 1726-ல் கலிவரின் பயணங்களில் சாகாத கிழவர்களைப் படைத்தார். பல் போகும், நினைவு போகும், உயிர் மட்டும் போகாது. உலகமே அதைக் கொண்டாடுகிறது. மாடக்குழித் தாத்தாவை எந்த உலக இலக்கியப் பட்டியலில் சேர்த்தார்கள்? எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு!

நெல்லிக்கனிக்கு வருவோம். ஆயுளை நீட்டும் கனி. எட்டாத மலைப்பிளவில் பழுத்தது. தகடூர் அதியமான் கைக்கு வந்தது. தகடூர் எது? இன்றைய தருமபுரி! அவன் சாப்பிடவில்லை. ஔவைக்குக் கொடுத்தான். இதில் நாம் கவனிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. கனியின் மகிமையை அவன் அவளிடம் சொல்லவே இல்லை! சொல்லியிருந்தால் நீயே சாப்பிடு என்று திருப்பித் தந்திருப்பாளே. வாயை மூடிக்கொண்டு கொடுத்தான். ஔவையின் பாட்டு புறநானூற்றில் 91-ஆவதாக இருக்கிறது. அதியமான் பிறகு சேரனோடு நடந்த போரில் மாண்டான். கனியைத் தின்றிருந்தால் எத்தனை ஆண்டு கூடியிருக்குமோ! கொடுத்ததால் கிடைத்தது 2,000 ஆண்டு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது!

போரூர்க் கோயிலின் தலபுராணத்திலும் நெல்லிதான்! நெல்லி மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் கால் பட்டுவிட்டதற்காக ராமர் அங்கே தவமிருந்தார். சாப்பாடு? ஒரு நாளைக்கு ஒரே ஒரு நெல்லிக்கனி. மொத்தம் 48 நாள்!

சங்கப் புலவர் ஒருவரின் பெயரைக் கேளுங்கள். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி! பெயரிலேயே கடல், பெயரிலேயே சாவு. அவர் பாடிய பொருள் என்ன? அமுதம்! இந்திரனுடைய அமுதமே கையில் கிடைத்தாலும் தனியாகச் சாப்பிடாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் ஓடுகிறது என்கிறார். புறநானூறு 182. வள்ளுவர் விட்டாரா? விருந்தினர் வெளியே நிற்கையில் சாகா மருந்தே ஆனாலும் தனியாகத் தின்னாதே என்று விருந்தோம்பலில் வைத்தார். உலகமெல்லாம் அமுதம் எங்கே கிடைக்கும் என்று தேடியது. நம்மவர்கள் அது கிடைத்தால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று பேசினார்கள்!

உங்களுக்கு நரை வந்துவிட்டதா? சங்கப் புலவர் பிசிராந்தையாருக்கு வரவில்லை! வயது ஏறியும் முடி கறுப்பாகவே இருந்தது. எப்படி ஐயா என்று கேட்டார்கள். அவர் மூலிகை சொல்லவில்லை, தைலம் சொல்லவில்லை. நல்ல மனைவி. நல்ல பிள்ளைகள். சொன்னதைச் செய்யும் ஏவலர். முறை தவறாத அரசன். எல்லாவற்றுக்கும் மேலே, ஊரில் சான்றோர் பலர்! புறநானூறு 191. முதுமை ஆராய்ச்சிக்காரர்கள் இன்று உறவும் நட்பும் ஆயுளைக் கூட்டும் என்று எழுதுகிறார்களே, அந்த ஆராய்ச்சிக்கு நம்மிடம் 2,000 ஆண்டு முந்தைய சாட்சி!

இந்த நரைக்காத மனிதர் எப்படி இறந்தார்? இதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிய வைக்கும் செய்தி. கோப்பெருஞ்சோழன் உயிர் விட முடிவு செய்து வடக்கிருந்தான். என் நண்பர் பிசிராந்தையார் வருவார், பக்கத்தில் இடம் விடுங்கள் என்றான். இருவரும் அதுவரை பார்த்துக்கொண்டதே இல்லை! பாண்டிய நாட்டுக்காரர் சோழ நாட்டுக்கு எங்கே வரப்போகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். வந்தார். ஒதுக்கி வைத்த இடத்தில் அமர்ந்தார். நரையே வராத உடம்பை, முகம் பார்க்காத நண்பனுக்காக விட்டார்!

குன்றத்தூர் பஸ் நம்ம பக்கம் அடிக்கடி வருமே, அந்த ஊர்க்காரர்தான் சேக்கிழார். 63 நாயன்மார்களின் கதையையும் பெரிய புராணமாக எழுதியவர். அதில் திருமூலர் கதை உங்களுக்கு நினைவிருக்கிறதா? கயிலையிலிருந்து வந்த சித்தர். வழியில் சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கண்ணீர் விடுகின்றன. பொறுக்கவில்லை. தன் உடம்பை ஒளித்து வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுந்து மாடுகளை வீட்டில் சேர்த்தார். திரும்பி வந்தால் சொந்த உடம்பைக் காணோம்! யோக உடம்பு, சித்தர் உடம்பு, மாடுகள் அழுததற்காகப் போயே போய்விட்டது. மாட்டுக்காரன் உடம்பிலேயே இருந்தார். ஆண்டுக்கு ஒரு பாட்டு. 3,000 ஆண்டு, 3,000 பாட்டு!

நமக்கு மேற்கே பூந்தமல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த மண். காஞ்சி வரதருக்கு விசிறி வீசியவர், பெருமாளோடு நேரடியாகப் பேசுவார் என்பது ஐதீகம். எனக்கு மோட்சம் உண்டா என்று கேட்டார். பெருமாள் மறுத்துவிட்டார்! நீ விசிறினாய், நான் பேசினேன், கணக்கு நேராகிவிட்டது என்றாராம். கடவுளுக்கு வீசிய விசிறி கணக்கில் சேரவில்லை, போய் இன்னொரு அடியாருக்குத் தொண்டு செய்!

அந்த நம்பியைக் குருவாகக் கொண்டாடியவர் ராமானுஜர். திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்து முக்தி தரும் மந்திரத்தைப் பெற்றார். நிபந்தனை? வெளியே சொன்னால் நரகம். கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார்! மரபுப்படி அவர் வாழ்ந்தது 1017 முதல் 1137 வரை. 120 ஆண்டு!

ராமானுஜர் 120. கணித மேதை ராமானுஜன்? 32! அவர் 1920-ல் விட்டுப்போன காகிதக் கட்டு 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த கணக்குகளை நிரூபிக்கவே மற்றவர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன!

வள்ளலார் நகர் பஸ் நிலையம் தெரியும். வள்ளலார் சாவே கூடாது என்றவர், அது தெரியுமா? மரணமில்லாப் பெருவாழ்வு என்று அதற்குப் பெயரே வைத்தார். சென்னை ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்த பிள்ளை. நம்ம பக்கத்துத் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரரையும் பாடியவர். 1874 ஜனவரி 30, மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வயது 50. அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. 1906-ல் வெளியான ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரிலேயே இந்தச் செய்தி ஏறிவிட்டது!

சாகாமல் இருக்க வழி தேடியவர் முதலில் என்ன கட்டினார்? மூலிகைக் கூடமா? யாக சாலையா? சோற்றுச் சாலை! 1867 மே 23, வடலூர் தருமச்சாலை. ஞானசபை வந்தது 1872-ல். சாப்பாடு முதலில், ஞானம் ஐந்து வருஷம் கழித்து! அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 150 ஆண்டைத் தாண்டி எரிகிறது. சாகாத ஒன்றை நேரில் பார்க்க ஆசையா? கடலூர் மாவட்டத்துக்கு பஸ் ஏறுங்கள்!

அதே கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். 2009-ல் வேதியியல் நோபல். 2024-ல் அவர் வெளியிட்ட புத்தகம் எதைப் பற்றி? நாம் ஏன் சாகிறோம் என்பதைப் பற்றி! சாகக் கூடாது என்றவரும் ஏன் சாகிறோம் என்று கேட்டவரும் ஒரே மாவட்டம்! இன்னொன்று கேளுங்கள். செல்கள் முதுமையடைவதோடு தொடர்புடைய டெலோமியர் ஆராய்ச்சிக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் மருத்துவ நோபல் வாங்கியது எந்த ஆண்டு? அதுவும் 2009!

நம் உடம்புச் செல் எத்தனை முறை பிரியும்? சுமார் 50 முறை. 1961-ல் ஹேஃப்ளிக் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கை மீறிய செல்கள் அமெரிக்காவின் ஹென்ரியட்டா லாக்ஸ் உடம்பிலிருந்து எடுத்தவை. ஆய்வுக்கூடங்களில் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவை புற்றுநோய்ச் செல்கள்! அந்த அம்மா 1951-ல் இறந்தார். வயது 31.

கடலுக்குள் போவோமா? டுரிடாப்சிஸ் என்றொரு ஜெல்லி மீன், நம்ம மீனவர்கள் சொறி என்பார்களே, அந்த இனம். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. அடிபட்டால், பசித்தால், மறுபடி குழந்தைப் பருவத்துக்கே திரும்பிவிடும்! கிரீன்லாந்து சுறாவுக்குக் கல்யாண வயது சுமார் 150! ஐஸ்லாந்துக் கடலில் 2006-ல் அள்ளிய சிப்பி ஒன்றின் வயது 507. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய மறு ஆண்டு பிறந்தது. இத்தனை நூற்றாண்டும் என்ன செய்தது? மணலில் புதைந்திருந்தது!

அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயல் காற்றில் விழுந்துவிட்டது, தெரியுமா? விழுதுகள் நிற்கின்றன. ஜனங்கள் வந்து நிழலில் நிற்கிறார்கள். வயது சுமார் 450 என்கிறார்கள்!

ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த நாடகக்காரர் செக் நாட்டுக் காரெல் சாபெக். 1922-ல் அவர் அரங்கேற்றிய இன்னொரு நாடகத்தின் நாயகி 300 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவள். பாட்டில் உச்சம், காதலில் சலிப்பு. கடைசியில் ஆயுள் மருந்தின் குறிப்பு ஒரு சின்னப் பெண்ணின் கைக்கு வருகிறது. அவள் என்ன செய்தாள்? எரித்துவிட்டாள்!

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல்லை எண்ணிப் பார்க்கிறேன். ஆநிரைப் போரில் இறந்த தீயன் அந்தவன். அரசனும் அல்ல, புலவனும் அல்ல. தமிழி எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்காக ஒரு நாள் ஓடிய ஓட்டம். இன்று நீங்களும் நானும் அவன் பெயரைச் சொல்கிறோம். இடையில் ஓடியது ஏறத்தாழ 2,300 ஆண்டு!

பாரதியார் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் 1921-ல் பேசிய தலைப்பு என்ன தெரியுமா? மனிதனுக்கு மரணமில்லை! அதுதான் அவர் கடைசியாகப் பேசிய வெளியூர். அதே ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். வயது 38. அவர் எழுத்தின் உரிமையை அரசு 1949-ல் வாங்கி மக்களுக்கே கொடுத்தது. யாருடைய அனுமதியும் கேட்காமல் யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம்!

அந்த 38-ஐ நினைவில் வையுங்கள். நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வாக்கில். இப்போது 70 வாக்கில். கழித்துப் பாருங்கள். நமக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது 38 ஆண்டு. பாரதியின் முழு ஆயுள்!

அந்தக் கூடுதல் ஆயுளை முதலில் மதித்த ஊரும் சென்னைதான். அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் புறநோயாளிப் பிரிவு 1978-லேயே தொடங்கிவிட்டது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறந்தது. 200 படுக்கை!

கடைசியாக, ஐயப்பன்தாங்கலுக்கு வடகிழக்கே முகப்பேர். 2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன், வயது 15, பைக் விபத்தில் மூளைச்சாவு. டாக்டர்களான அப்பாவும் அம்மாவும் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். இதயம் தேனாம்பேட்டையில். அதற்காகக் காத்திருந்த 9 வயதுச் சிறுமி முகப்பேரில். போலீஸ் சாலை நெடுக வழி விட்டது. சாதாரண நாளில் அந்தப் பாதையைக் கடக்க முக்கால் மணி நேரமாவது ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? அன்று அந்த இதயம் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது தெரியுமா?

11!